ரயிலடியில் குருவம்மா

சேசு மரி சூசை துணை

சிம்மக்கல், மதுரை
12-9-1937

அன்பு மிகுந்த தங்கை ஆனிமேரிக்கு அண்ணன் ஞானமுத்து ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் மதினி விக்டோரியாவும் பிள்ளைகளும் தேவ கிருபையால் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தானே எனக்குத் தெரியும்? தனிஸ்லாஸ் மாப்பிள்ளையை ஜூன் மாதம் அடக்கம் செய்துவிட்டு நாங்கள் பஸ் ஏறியதோடு சரி, உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை.

உன்னிடம் ஒரு காரியம் கேட்கவே இதை எழுதுகிறேன். எங்கள் வாசகசாலை போன வருஷத்தைப் போலவே வருகிற தை மாதமும் ஐந்து சங்கங்களைச் சேர்த்துக்கொண்டு கலை, வாசிப்பு விழா நடத்தப் போகிறது. சங்கத்துக்கு ஒரு சாயங்காலம். நான் கௌரவக் காரியதரிசி. அதாவது கௌரவம் தலைவருக்கு, காரியம் எனக்கு. உங்கள் மேட்டுப்பட்டி ஐக்கிய நாணய சங்கமும் ஐந்தில் ஒன்று.

சங்கத் தலைவர் விருமாண்டி போன வாரம் பிண்ணாக்கு வாங்க இங்கே வந்திருந்தார். மாப்பிள்ளை சனிக்கிழமைதோறும் கதை படித்த அறையைப் பற்றிக் கேட்டேன். "வாத்தியாரு போனதுலருந்து ரூம்பு சும்மாத்தான கெடக்கு? தைக்குள்ள யாராச்சும் வந்து படிச்சாப் பாப்போம். இல்லாட்டி பிண்ணாக்கு மூட்டைய அடுக்கிற வேண்டியதுதான்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு முறை மூட்டை ஏறிவிட்டால் அப்புறம் அந்த அறைக்குப் புத்தகம் திரும்பாது.

ஆகையால் மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்தில் நீ உட்கார்ந்து படிக்க வேண்டும். உன்னை விட்டால் அங்கே யார் இருக்கிறார்கள்? யோசித்து எழுது.

இப்படிக்கு, உன் பதிலை எதிர்பார்க்கும் அண்ணன்
ஞானமுத்து


மேட்டுப்பட்டி, அலங்காநல்லூர் வழி
3-10-1937

அன்புள்ள அண்ணன் அவர்களுக்குத் தங்கை ஆனிமேரி தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகமாயிருக்கிறேன். மதினி, பிள்ளைகள் சுகத்துக்கு ஆண்டவரை வேண்டுகிறேன்.

கடிதம் கிடைத்தது. காலாண்டுப் பரீட்சை இருந்ததால் பதில் தாமதம்.

விழாவுக்கு வேண்டிய பாய், விளக்கு, தண்ணீர்ப் பானை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். பாய்களை நேராய் விரிக்க ஆள் வேண்டும். கோணலாய்க் கிடந்தால் எனக்குக் கண் உறுத்தும். படிக்க என்னால் ஆகாது. அவர் படித்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சனிக்கிழமை மாலை துணிக்குக் கஞ்சி போடும் வேலை இருக்கும். அவர் போவார், வருவார், சாப்பிடுவார். என்ன படித்தீர்கள் என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

அது கிடக்கட்டும். பெட்ரோமாக்ஸ் உங்களிடமிருந்து வருமா, இங்கேயே வாடகைக்குப் பிடிக்க வேண்டுமா என்று எழுதுங்கள்.

தங்கள் தங்கை
ஆனிமேரி


சிம்மக்கல், மதுரை
19-10-1937

அன்புத் தங்கைக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சுகம், மதினிக்கு மட்டும் ஜலதோஷம். நீ சுகம் என்று எழுதியதைப் பார்த்தேன். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன்.

பெட்ரோமாக்ஸ் நான் அனுப்புகிறேன். மற்றபடி இங்கே என் பாட்டைக் கேட்காதே. நெசவாளர் சங்கத்தார் கோலாட்டம் போடுகிறார்கள்; கோயில் வாலிபர் சபை ராஜா நாடகம் போடுகிறது. இருவருக்கும் ஒரே ஆர்மோனியப் பெட்டி, ஒரே நாளில் ஒத்திகை. போன சனிக்கிழமை பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் இரண்டு கட்டை கையோடு வந்துவிட்டது. வில்லாபுரத்துக் கும்மிக்காரப் பெண்கள், முன்வரிசையில் ஆம்பிளைகள் உட்கார்ந்தால் கும்மி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தலைவரோ புத்தகங்களின் பெருமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன் என்கிறார். அவர் எங்கள் வாசகசாலையில் தொட்டது நாற்காலியை மட்டும்தான்.

சிரித்தாயா? சிரிக்கத்தான் எழுதினேன்.

அடுத்த மாதம் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். நானும் மதினியும் அங்கே வந்து உன்னோடு மாப்பிள்ளை கல்லறைக்கு வரட்டுமா? மெழுகுவர்த்தி, பூமாலை எல்லாம் இங்கிருந்தே கொண்டுவருகிறோம். நீ ஒரு வரி எழுதினால் போதும்.

அண்ணன்
ஞானமுத்து


சிம்மக்கல்
10-11-1937

தங்கைக்கு ஆசீர்வாதம். இங்கே சுகம். வா என்றும் நீ எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. இரண்டாம் தேதி காலையில் மதினி பூமாலையைக் கையில் வைத்துக்கொண்டு தபால்காரனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் அதை இங்கே மாதா சுரூபத்துக்குப் போட்டோம். உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஒரு கார்டு போடு, அம்மா.

ஞானமுத்து


மேட்டுப்பட்டி
21-11-1937

அண்ணன் அவர்களுக்குத் தோத்திரம். மதினியின் ஜலதோஷம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பாய்களைச் சங்கத்து அறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மூன்றைச் செல் அரித்துவிட்டது. மற்றதெல்லாம் நல்ல பாய். இரண்டாம் தேதி பள்ளிக்கூடம் விடுமுறையாக இருந்ததால் அன்றைக்கு எல்லாவற்றையும் வெயிலில் போட்டுத் தட்டி உதறினேன். சாயந்தரம் வரை அந்த வேலை சரியாக இருந்தது.

நீங்கள் கவலைப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. கவலைப்பட இங்கே ஒன்றும் நடக்கவில்லை. மணி அடிக்கிறேன், பாடம் நடத்துகிறேன், வீட்டுக்கு வந்து உலை வைக்கிறேன். போன மாதம் குழம்பில் உப்புப் போடாமலே இரண்டு நாள் சாப்பிட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தபோது அவர்கள் சொல்லித்தான் தெரியும். ஊர்ப் பெண்கள் வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறார்கள். நான் அழுதால் அவர்களுக்கும் அழுதுவிட்டுப் போக வசதியாக இருக்கும். எனக்கு வரவில்லை, அண்ணே. அவர் இருந்தபோதும் வீட்டில் பேச்சுச் சத்தம் கிடையாது. "சோறு ஆச்சா", "குடை எங்கே", அவ்வளவுதான். ஆகையால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அது கிடக்கட்டும். செல் அரித்த பாய்களுக்குப் பதில் பாய் வாங்கலாமா?

ஆனிமேரி


சிம்மக்கல், மதுரை
5-12-1937

அன்புத் தங்கைக்கு அண்ணனும் மதினியும் ஆசீர்வாதம். ஜலதோஷம் போய்விட்டது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு மதினி உன்னை இங்கேயே அழைத்து வந்துவிடச் சொல்கிறாள். அடுப்படிக்குப் பக்கத்து அறை உனக்கு என்று ஒழித்தும் வைத்துவிட்டாள். நீ வர மாட்டாய் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டேன் என்று இருக்கட்டும்.

பாய் வாங்கு. படிக்கிற கவலையை விட்டுவிடு, நானே வந்து படிக்கிறேன். உங்கள் ஊர் முறை ஜனவரி 29, சனிக்கிழமை. மண்டியில் இருபது வருஷமாய் விலை கூவின குரல் இது, மேட்டுப்பட்டி முழுக்கக் கேட்கும். மாப்பிள்ளை எந்தப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார், எதுவரை படித்தார் என்று மட்டும் பார்த்து எழுது. விட்ட இடத்திலிருந்து தொட்டால்தான் ஜனங்கள் உட்காருவார்கள்.

உன் அண்ணன்
ஞானமுத்து


மேட்டுப்பட்டி
20-12-1937

அண்ணன், மதினி இருவருக்கும் தோத்திரம். எல்லோருக்கும் கிறிஸ்து பிறப்புத் திருநாள் வாழ்த்து. நான் சுகம்.

நீங்கள் படிக்க வருவது நல்லது. அவருடைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பச்சை அட்டை போட்ட துப்பறியும் நாவல். தென்னை ஈர்க்கு ஒன்று அடையாளத்துக்கு வைத்திருக்கிறார், முக்கால்வாசி தாண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். சென்னப்பட்டணத்தில் ஒரு ஜமீன்தாரிணியின் வைரமாலை களவு போகிறது. சிகரெட் பிடித்துக்கொண்டு ஒருவர் துப்பறிகிறார். ஊர் இதற்காகவா வாராவாரம் கூடியது என்று ஆச்சரியமாக இருந்தது.

இன்னொன்று. எருமை மேய்க்கிற இருளாயி நேற்று வழியில் என்னை நிறுத்தி, "ஏன் தாயி, குருவம்மா ரயிலு ஏறுமா, ஏறாதா?" என்று கேட்டாள். எந்தக் குருவம்மா என்றேன். "கதையில வருமே, அதுதேன்" என்றாள். நான் படித்த பக்கங்களில் அப்படி ஒரு பெயர் இல்லை. அவள் வேறு எங்கேயோ கேட்டதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாள்.

அது கிடக்கட்டும். நீங்கள் 29-ம் தேதி மூன்று மணி பஸ்ஸுக்கு வந்தால் அலங்காநல்லூரில் விருமாண்டியின் வண்டி நிற்கும்.

ஆனிமேரி


சிம்மக்கல்
26-1-1938

தங்கைக்கு ஆசீர்வாதம். சுகம். கார்டில் இடமில்லாததால் சுருக்கமாக எழுதுகிறேன். நாடகத்தில் ராஜா வேஷக்காரனுக்கு அம்மை போட்டுவிட்டது. வசனம் முழுவதும் தெரிந்த இன்னொரு ஆள் நான்தான். நாடகத்தையும் 29-ம் தேதிக்குத் தள்ளிவிட்டார்கள், இனி மாற்ற வழியில்லை. நான் வர முடியவில்லை, மன்னித்துக்கொள். இரண்டு ஞானப்பாட்டு, விருமாண்டியின் பிரசங்கம் என்று வைத்து எப்படியாவது ஒப்பேற்று. அவசரத்தில் நோட்டீசுக்குப் புதிதாக எழுதிக் கொடுக்கவில்லை. அச்சாபீசில் போன வருஷத்து நோட்டீசுக்குக் கோத்த அச்செழுத்தைப் பிரிக்காமல் அப்படியே கட்டி வைத்திருந்தார்கள். தேதியை மட்டும் மாற்றி அடிக்கச் சொல்லி நேரே விருமாண்டிக்கு அனுப்பிவிட்டேன்.

ஞானமுத்து


மேட்டுப்பட்டி
31-1-1938

அண்ணன் அவர்களுக்குத் தோத்திரம். உங்கள் ராஜா வேஷம் நன்றாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நடந்ததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலையில் பேயாண்டி தமுக்கு அடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தான். "இன்னக்கிச் சாயங்காலம் சங்கத்துல தனிஸ்லாஸு வாத்தியாரு கதை படிக்கிறாரு, எல்லாரும் வாங்க" என்று கூவினான். நான் வாசலுக்குப் போய் என்ன சொன்னாய் என்று கேட்டேன். அவன் நோட்டீசை நீட்டினான். "கதை வாசிப்பவர்: திரு. சூ. தனிஸ்லாஸ், தலைமையாசிரியர்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தேதி சரியாக மாற்றியிருந்தார்கள். விருமாண்டியிடம் போய்க் கேட்டேன். "எனக்கும் இடிச்சுச்சு டீச்சரம்மா. ஆனா மருதையில அச்சடிச்சு வந்தத நான் எப்பிடி மாத்தச் சொல்லுறது?" என்றார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பாய் விரிக்கப் போனேன்.

போன வருஷம் வந்ததைப்போல இரண்டு பங்கு கூட்டம் என்றார் விருமாண்டி. தூரத்து ஊர்க்காரர்கள் விஷயம் தெரியாமல் அவரைக் கேட்க வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் செத்த வாத்தியார் எப்படிப் படிக்கிறார் என்று பார்க்க வந்திருந்தார்கள். பெட்ரோமாக்ஸ் ஏற்றியதும் ஒரு பெரியவர், "வாத்தியார எங்க, இன்னும் காணாம்?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து, "அவர் ஜூன் மாதம் விஷஜுரத்தில் செத்துப்போனார். நோட்டீஸ் தவறு" என்றேன். வகுப்பில் சொல்வதைப் போலச் சொன்னேன். இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை என் வாயால் சொன்னது அப்போதுதான்.

வண்டி கட்டி வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா? ஈர்க்கு வைத்த பக்கத்தைப் பிரித்துப் படித்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள் முணுமுணுப்பு. இருளாயி எழுந்துவிட்டாள். "இது அந்தக் கதை இல்ல தாயி. குருவம்மா எங்க?" என்றாள்.

அப்புறம்தான், அண்ணே, ஆளுக்கொன்றாய்ச் சொன்னார்கள். குருவம்மா ஒரு பள்ளிக்கூடத்து டீச்சராம். மாலையைத் திருடினவன் அவளிடம் படித்தவனாம், அவனைத் தேடிச் சென்னப்பட்டணம் போகிறாளாம். துப்பறிகிறவரைப் பார்த்து, "பாய நேராப் போடும், அப்புறம் உக்காரும்" என்றாளாம். போலீஸ் துரையிடமே குடை கொண்டுவந்தீரா என்று கேட்டாளாம். யார் என்ன துக்கம் சொன்னாலும் கேட்டுவிட்டு ஒரு பதில் வைத்திருப்பாளாம். பேயாண்டி, "அது என்ன பதிலு?" என்று கேட்டான். கூட்டம் முழுக்க, பெரியவர்களும் குழந்தைகளுமாக, "அது கெடக்கட்டும்!" என்று ஒரே குரலில் சொல்லிச் சிரித்தது.

அவர் படித்த கடைசிச் சனிக்கிழமை குருவம்மா ஊர் திரும்ப எழும்பூர் ரயிலடியில் கட்டுச்சோற்று மூட்டையோடு உட்கார்ந்திருக்கிறாள். ரயில் வரவில்லை. அங்கே நிறுத்தியிருக்கிறார். அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல். "எட்டு மாசமா அந்தம்மா டேசன்லயே உக்காந்திருக்கு தாயி. ஏத்தி விட்டுருங்க" என்றாள் இருளாயி.

எனக்குக் கோபம் வந்தது. ஜூன் மாதத்திலிருந்து எனக்குள் ஏதாவது வந்தது என்றால் இதுதான். பதினோரு வருஷம் என்னிடம் குடையைத் தவிர ஒன்றும் கேட்காத மனிதர், ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு என்னைப் பற்றி இம்புட்டுப் பேசியிருக்கிறார். நான் வீட்டில் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தேன். "என்னால் முடியாது" என்று புத்தகத்தை மூடிவிட்டு வந்துவிட்டேன். விருமாண்டி பின்னாலேயே வந்தார். "மூட்டை வண்டி பதினஞ்சாம் தேதி வருது டீச்சரம்மா. அதுவரைக்கும் ரூம்பப் பூட்டாம வைக்கிறேன்" என்றார்.

நேற்றுப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். குருவம்மா எங்கேயும் இல்லை.

ஆனிமேரி


சிம்மக்கல், மதுரை
6-2-1938

என் அன்புத் தங்கைக்கு ஆசீர்வாதம். எங்கள் சுகத்துக்கு என்ன, இருக்கிறோம்.

நோட்டீசைப் பற்றி என்ன எழுதுவது என்று மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். உன் கடிதத்தை மதினிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ராஜா வசனத்துக்கு நடுங்காத குரல் இதற்கு நடுங்கிவிட்டது. மதினி, "அந்த மனுஷனுக்குப் பொண்டாட்டிகிட்டப் பேசக் கூச்சம். அதான் ஊர்கிட்டச் சொல்லியிருக்காரு" என்றாள். அது எவ்வளவு சரியோ எனக்குத் தெரியாது. நீ கோபப்படு. நன்றாகக் கோபப்படு. நீ உப்பில்லாமல் சாப்பிட்டாய் என்று படித்தபோது எனக்கு வந்த பயம் இப்போது இல்லை.

அறையை என்ன செய்வது என்று நீயே முடிவு செய். மூட்டை ஏறினாலும் உன்மேல் எனக்கு வருத்தமில்லை.

அண்ணன்
ஞானமுத்து


மேட்டுப்பட்டி
13-2-1938

அன்புள்ள அண்ணன், மதினி இருவருக்கும் ஆனிமேரி தோத்திரம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நான் சுகம் என்று வழக்கமாக எழுதுவேன். இந்தத் தடவை என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கல்லறைக்குப் போனேன். அடக்கத்துக்குப் பிறகு இதுதான் முதல். பூ கொண்டுபோகவில்லை. இதையெல்லாம் என்னிடம் சொன்னால் என்னவாம் என்று சத்தமாகவே கேட்டேன். புல் வெட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார். சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தேன்.

நேற்றுச் சனிக்கிழமை. கஞ்சி போடவில்லை. சங்கத்துக்குப் போனேன். நோட்டீசும் இல்லை, தமுக்கும் இல்லை. இருந்தாலும் இருபது பேர் போல இருந்தார்கள். அவர் உட்கார்ந்த இடத்தை எனக்கு யாரும் காட்டவில்லை. எல்லோரும் விலகி உட்கார்ந்திருந்த இடம் அதுதான் என்று தெரிந்தது. பச்சைப் புத்தகத்தை மடியில் பிரித்து வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாததைச் சொன்னேன். அவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

ரயில் வந்தது என்றேன். எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

"ஆரு ஏத்திவிட்டா?" என்று விருமாண்டி கேட்டார். அவர் முதல் வரிசையில் இருந்தார்.

யாரும் ஏற்றிவிடவில்லை, அவளே ஏறினாள் என்றேன்.

"சன்னலோரம் கெடச்சுச்சா?"

கிடைக்கவில்லை. மூன்றாம் வகுப்பு, நல்ல கூட்டம். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள் என்றேன்.

"கட்டுச்சோத்தப் பிரிச்சுச்சா?" என்றாள் இருளாயி.

செங்கல்பட்டு வரைக்கும் பிரிக்கவில்லை. அதற்கு அப்புறம் பிரித்தாள். ஒரு வாய் வைத்தாள். அது இரண்டு ஆளுக்குக் கட்டின சோறு என்று அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது என்றேன். இதை நான் யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை, அண்ணே. வாயில் வந்தது. புத்தகத்தின் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அழுதேன் என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் எழுந்து போகவில்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. நான் உட்கார்ந்திருந்த பாயின் ஓரம் சுருண்டு கிடந்தது. இருளாயி கையை நீட்டி அதை இழுத்து நேராக்கினாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு இவ்வளவுதான் என்றேன். பேயாண்டி விளக்கை இறக்கிக்கொண்டே, "குருவம்மா எப்ப மருதைக்கு வந்து சேரும்?" என்று கேட்டான். வண்டி இப்போதுதான் செங்கல்பட்டுத் தாண்டியிருக்கிறது, நடுவில் எத்தனையோ ஸ்டேஷன், வாரத்துக்கு ஒன்றாகப் போகலாம் என்றேன். விருமாண்டி மூட்டை வண்டிக்காரனுக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த நோட்டீஸ் அடிக்கும்போது அச்சாபீசில் அந்தப் பழைய எழுத்துக் கட்டைப் பிரித்துவிடச் சொல்லுங்கள். வாசிப்பவர் என்ற இடத்தில் என் பெயரைப் போடுங்கள். மதினியை ஒரு சனிக்கிழமை அழைத்து வாருங்கள். பாய் இருக்கிறது.

தங்கள் அன்புத் தங்கை
ஆனிமேரி